போடிமெட்டுக்குள் கேட்டுவிட வேண்டும்

மே 19, திங்கள். உடுமலைப்பேட்டை

நாளைக் காலை கிளம்புகிறோம். சைக்கிள்கள் இரண்டும் பூபதி வீட்டு வாசலில் நிற்கின்றன. என்னுடையதற்குப் புது பிரேக் கட்டை போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்றும் பிடித்து வைத்திருக்கிறான். நான் கேட்கவில்லை. கேட்காமல் செய்வதே அவன் பழக்கம். எனக்கு அதுதான் எரிச்சல்.

பூபதி என் மச்சினன், என் மனைவி சுகந்தியின் தம்பி. இங்கே மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறான். சுகந்தி போய் இரண்டு வருஷம் ஆகிறது. "காரியம் முடியற வரைக்கும் பாப்பா எங்ககூட இருக்கட்டுங்க மாமா" என்று அவனும் அவன் மனைவி மேனகாவும் அன்றைக்கு என் மகள் நேத்ராவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். காரியம் முடிந்தது. அவள் இங்கேயே இருக்கிறாள். மூன்றாவதும் நான்காவதும் இங்கேயே படித்தாயிற்று. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பூரிலிருந்து வந்து, கறிச்சோறு சாப்பிட்டு, பார்த்துவிட்டுப் போகிறேன்.

இந்த ஜூனில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சொல்லி வைத்தாயிற்று. ஈரோட்டு அக்காவும் விடுகிற மாதிரி இல்லை. "பெத்த புள்ளைய மச்சினன் வீட்ல விட்டுட்டு சைக்கிள் ஓட்டிட்டுத் திரியறயே" என்று போனிலேயே காய்ச்சுகிறாள். பூபதியிடம்தான் இன்னும் சொல்லவில்லை. கொடுக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நிச்சயம் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் மேனகா இல்லாத இடமாகப் பார்த்துக் கேட்கலாம் என்று இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தேன். மறையூர், மூணாறு, போடிமெட்டு. அப்புறம் போடியில் இறங்கி வத்தலகுண்டு, பழனி வழியாகத் திரும்ப உடுமலை. போடிமெட்டுதான் கடைசி ஏற்றம். அதற்குள் கேட்டுவிட வேண்டும்.

நேத்ரா பூபதிக்கு ஒத்தாசையாகப் பை கட்டிக்கொண்டிருந்தாள். "மாமா, உங்க ரெயின்கோட்டு வெச்சாச்சு. அப்பாவோடத எங்க வெச்சீங்க?" என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மே 20, செவ்வாய். மறையூர்

வந்து சேர்ந்தோம். இடுப்பு கழன்றுவிட்டது.

சின்னார் காட்டில் வனக்காவலர் நிறுத்திவிட்டார். முன்னால் ரோட்டோரம் யானை, குட்டியோடு நிற்கிறது, பஸ் வந்தால் பஸ்ஸை ஒட்டியே போங்கள் என்றார். புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். நல்ல சந்தர்ப்பம். நான் வாயைத் திறப்பதற்குள் பூபதி, "மாமா, உங்க மூச்சு சத்தத்தக் கேட்டு யானையே பயந்து போயிருக்கும் பாருங்க" என்றான். காவலரும் சிரித்தார். அத்தோடு போயிற்று. பஸ் வந்தது. அதன் பின்னாலேயே புகையைக் குடித்துக்கொண்டு மிதித்தோம். யானை நின்ற பக்கம் அவன் வந்தான், என்னை மறுபக்கம் விட்டான். யானை பக்கத்தில் நிற்கும்போது பிள்ளைப் பேச்சை எப்படி எடுப்பது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சுகந்தி இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். ஏற்றத்தில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. அவரவர் மூச்சுக்கு அவரவர் மிதிக்க வேண்டும். அடுத்தவன் வேகத்துக்கு மிதித்தால் இரண்டு பேருக்குமே கால் பிடித்துக்கொள்ளும். முதலில் மேட்டுக்குப் போனவன் அங்கேயே இருக்க வேண்டும், என்ன ஆனாலும் திரும்பி இறங்கக் கூடாது. இறங்கினால் ஒருவரை ஒருவர் தவறவிட்டுவிடுவோம். முதலில் போகிறவன் எப்போதும் பூபதிதான். நான் நாக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேரும்போது ஏதாவது கடை வாசலில் நின்று கையாட்டுவான். எனக்கும் டீ சொல்லி வைத்திருப்பான்.

ராத்திரி வீடியோவில் பேசினோம். நேத்ரா என்னிடம் "சாப்டீங்களாப்பா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அவள் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன். தோசை என்றாள். பிறகு இருவரும் சிரித்துக்கொண்டு இருந்தோம். போன் பூபதி கைக்குப் போனதும் தொட்டியில் மீன் குட்டி போட்ட கதையை மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

மே 21, புதன். மூணாறு

தேயிலைக் காடு முழுக்க மழை. முட்டி வலி. லாட்ஜில் போர்வை ஈர நாற்றம். கேட்கவில்லை.

வாகுவாரைக்கு மேலே ஒரு டீக்கடையில் பூபதியே, "மாமா, ஜூன்ல ஸ்கூல் தொறக்குதுங்களே..." என்று ஆரம்பித்தான். செயின் சத்தம் போடுகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். செயின் சத்தம் போடவில்லை.

மே 22, வியாழன். போடிமெட்டு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். விரல் மரத்துக் கிடக்கிறது, எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

காலையில் கிளம்பும்போதே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. பூபதி என் போனையும் வாங்கித் தண்ணீர் புகாத உறையில் போட்டு அவன் பையிலேயே வைத்துக்கொண்டான். தேவிகுளம் தாண்டி கேப் ரோட்டில் மூடுபனி. ஒரு பக்கம் வெட்டிய பாறையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. மறுபக்கம் பள்ளம். பள்ளத்தில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் வெள்ளை. பூப்பாறையில் புரோட்டா சாப்பிட்டோம். அங்கிருந்து போடிமெட்டுக்கு ஏலத்தோட்டங்களின் நடுவே ஏற்றம். "மேட்டுல பாக்கலாங்க மாமா" என்று சொல்லிவிட்டு அவன் வழக்கம்போல முன்னால் போனான்.

கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். மாப்ளே, தப்பா நினைக்காதே. மாப்ளே, நீங்க ரெண்டு பேரும் செஞ்சத மறக்க மாட்டேன். இடையில் மழை வலுத்தது. தலையைக் குனிந்து முன்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன்.

மேட்டுக்கு வந்தால் அவன் இல்லை. செக்போஸ்ட் பக்கத்தில் நாலைந்து கடைகள். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். டீக்கடைக்கார அம்மா, "சைக்கிள்லயா? காலைல இருந்து ஒரு ஆளும் வரலையேண்ணே" என்றார்.

நான் அவனை முந்தி வந்திருப்பேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவனை நான் முந்தியதில்லை. முன்னால் போனவன் மேலே வரவில்லை என்றால் நடுவில் எங்கோ ரோட்டை விட்டுப் போயிருக்கிறான் என்றுதான் புத்தி போயிற்று. வளைவுக்கு வளைவு பள்ளம். ஏலக்காய் ஜீப்புகள் ஹாரன்கூட அடிக்காமல் இறங்கி வந்தது ஞாபகம் வந்தது.

என் போன் அவன் பையில். டீக்கடை அம்மாவிடம் போன் வாங்கினேன். என் நம்பருக்கே அடித்துப் பார்த்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. அது தவிர எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்று, சுகந்தியுடையது. அந்தப் போன் இப்போது நேத்ரா விளையாடுவதற்குப் பூபதி வீட்டில் கிடக்கிறது. அவள்தான் எடுத்தாள்.

"யாருங்க?"

"அப்பா பேசறேன் கண்ணு."

"புது நம்பரா இருக்குது. மாமா எங்க?"

"பின்னால வர்றாரு."

"மாமா எப்பவும் முன்னாலதான போவாரு?"

அத்தையிடம் கொடு என்றேன். அத்தை கடைக்குப் போயிருக்குது என்றாள். அவளிடம் மாமா நம்பரைக் கேட்டால் ஏன் எதற்கு என்பாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இறங்கித் தேடியிருக்கலாம். திரும்பி இறங்கக் கூடாது என்பது வழக்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூப்பாறைப் பக்கம் போகிற ஜீப்காரர்களிடம் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். மேலே வந்த ஒரு டிரைவர், சிவப்பு மழைக்கோட்டு போட்ட ஆள் ஒருவர் வளைவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றார். பூபதி கோட்டு சிவப்புதான். அவன் எதற்குப் பள்ளத்தைப் பார்க்கிறான் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. உயிரோடு இருக்கிறான் என்பது மட்டும் விளங்கியது. பெஞ்சில் உட்கார்ந்து அந்த அம்மா கொடுத்த டீயைக் குடித்தேன்.

பொழுது சாயும்போது வந்தான். அவன் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும் சைக்கிளை ரோட்டிலேயே கீழே போட்டுவிட்டான். "எனக்கு முன்னால வந்துட்டீங்களா மாமா?" என்றான். அவ்வளவுதான். கடைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மேனகாவுக்கு ஏலக்காய் வாங்கலாம் என்று பாதி வழியில் ஒரு கடைக்குள் போயிருக்கிறான். மழைக்காகச் சைக்கிளையும் உள்ளே ஏற்றியிருக்கிறான். அந்த நேரத்தில் நான் குனிந்த தலையோடு கடந்து போயிருக்கிறேன். வெளியே வந்து எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, வழக்கத்தை மீறிக் கீழே இறங்கியிருக்கிறான். பூப்பாறை வரைக்கும், அங்கிருந்து கேப் ரோடு பாதி வரைக்கும். ஒவ்வொரு வளைவிலும் நின்று பள்ளத்தைப் பார்த்திருக்கிறான். பிறகு அத்தனை மேட்டையும் மறுபடி ஏறி வந்திருக்கிறான்.

இன்றைக்கு எதையும் கேட்கிற நிலையில் இருவரும் இல்லை. அவன் சாப்பிடாமலே படுத்துவிட்டான்.

அவன் விழுந்துவிட்டான் என்று நான் நம்பிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதவில்லை.

மே 23, வெள்ளி. வத்தலகுண்டு

போடி இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து ரிம் கொதித்துவிட்டது. அப்படியே இறங்கினால் டியூப் வெடிக்கும். ஒரு வளைவில் சைக்கிள்களை நிறுத்தி ஆறவிட்டோம். கீழே போடி ஊர் வெயிலில் கிடந்தது. காலையிலிருந்து அவன் என்னிடம் நாலு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

"மாமா, ஒண்ணு சொல்லோணும். சொன்ன பொறகு என்னைய என்ன நெனச்சாலும் சேரிங்க" என்றான்.

"சொல்லு மாப்ளே."

"நேத்து ஒரு வளைவுல நின்னு கீழ பார்த்தனுங்க, உங்க சைக்கிள் தெரியுதான்னு. அப்ப எனக்கு ஒரு நெனப்பு வந்துச்சுங்க. மாமா இல்லீன்னா பாப்பா இனி நம்மகூடத்தான், யாரும் கேக்க மாட்டாங்கன்னு. நானா நெனைக்கல. அதா வந்துச்சு."

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஸ்கூல்ல நீங்க சொல்லி வெச்சது எனக்குத் தெரியுமுங்க. ஈரோட்டு அக்கா போன் பண்ணுச்சு. நீங்க கேப்பீங்க, கேட்டா முடியாதுன்னு சொல்லிறலாம்னுதான் நானும் மேனகாவும் பேசி வெச்சிருந்தோம். இப்ப சொல்ல முடியாதுங்க. அந்த நெனப்பு வந்த பொறகு பாப்பாவ நான் வெச்சுக்கறது நல்லால்ல. கூட்டிட்டுப் போயிருங்க. மேனகாகிட்ட நான் பேசிக்கறேன்."

ரிம்மைத் தொட்டுப் பார்த்தான். ஆறிவிட்டது, போகலாம் என்றான். நான் தலையாட்டினேன். வத்தலகுண்டு வரைக்கும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். எதிர்காற்றுக்கு அவன்தான் முன்னால் போனான், நான் அவன் மறைவில் வந்தேன்.

நேற்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். போடிமெட்டில் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: பூபதி போய்விட்டால் நேத்ராவை யாரிடம் விடுவது. ஐயோ பூபதி என்று தோன்றவில்லை. மேனகா நினைவுக்கு வரவில்லை. இனி அவளை நான்தான் வளர்க்க வேண்டுமே என்றுதான் பயந்தேன். அவனுக்கு வந்த நினைப்பாவது பிள்ளை மேல் உள்ள ஆசையில் வந்தது. அதற்கே அவன் அப்படி உடைந்துபோனான்.

கொடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள் என்று நாலு நாள் முன்னால் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். கொடுக்காமல் இருந்தால் தேவலை என்பதுதான் என் ஆசை. கேட்டேன், தர மாட்டோம் என்றுவிட்டார்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து போய்க்கொண்டிருக்கலாம். சீ.

மே 24, சனி. உடுமலைப்பேட்டை

நீண்ட நாள், நல்ல வெயில். ஒட்டன்சத்திரத்தில் எனக்கு ஒரு பஞ்சர். பழனி தாண்டி இளநீர் குடிக்க நின்றபோது சொல்லிவிட்டேன்.

"மாப்ளே, எனக்குப் பயமா இருக்குது."

"என்னுங்க பயம்?"

"அவளோட தனியா இருந்து என்ன பேசறதுன்னு தெரியல. போன்லயே ரெண்டு வார்த்தைக்கு மேல வர மாட்டேங்குது. நேத்து நீ கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னப்ப எனக்குச் சந்தோஷமே வரல."

போடிமெட்டு விஷயத்தையும் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். அவன் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தான். அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"மொத மாசம் நாங்களும் பயந்துட்டுத்தானுங்க கெடந்தோம். அம்மா நெனப்புல பாப்பா ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கும். என்ன சொல்றதுன்னு தெரியாம டிவியப் போட்டு விட்டுட்டு நாங்களும் உக்காந்திருப்போம்" என்றான். இளநீரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க இங்கயே இருந்திருந்தா உங்களுக்கும் பழகியிருக்குமுங்க" என்றான். அவன் என்னைக் குறை சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

மேனகாவிடம் அவன் என்ன சொன்னான் என்று தெரியாது. சமையலறைக் கதவு வெகுநேரம் சாத்தியே இருந்தது. பிறகு வந்து எனக்குத் தோசை போட்டாள். "இன்னொண்ணு வெக்கட்டுங்களாண்ணா?" என்று கேட்டாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. வேண்டாம் என்றேன், வைத்தாள்.

மே 25, ஞாயிறு. திருப்பூர்

நேத்ராவை யாரும் கேட்கவில்லை என்பது இன்று காலையில்தான் உறைத்தது. நான் பூபதியைக் கேட்க மலையேறினேன், பூபதி மேனகாவிடம் பேசினான். நேத்ராவிடம் நானே போய்ச் சொன்னேன். மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பாகூடத் திருப்பூருக்கு வர்றயா கண்ணு?"

யோசித்தாள். "எப்பத் திரும்பக் கொண்டாந்து விடுவீங்க?" என்றாள்.

பள்ளிக்கூடம், அங்கேயே இருப்பது எல்லாவற்றையும் சொன்னேன். முகம் மாறிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்க முடியாமல், "நீ எப்பக் கேட்டாலும் கொண்டாந்து விடறேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் ஜாஸ்தி.

மேனகா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. பூபதி வந்தான். பையை மேலே வைத்து, ஜன்னலோரம் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தான். "அப்பா சொல்றதக் கேட்டுக்கோணும், சேரியா சாமி" என்றான். இறங்கிப்போனவன் பஸ் கிளம்பும்வரை நிற்கவில்லை. கூட்டத்துக்குள் வேகமாக நடந்து போய்விட்டான். நேத்ரா ஜன்னலில் தலையை நீட்டித் தேடினாள்.

குடிமங்கலம் வரைக்கும் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். குடிமங்கலத்தில் பஸ் நின்றபோது என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நான் கேக்கறேன். கொண்டுபோய் விடுங்க."

என் கை மேலே இருந்த பைக்குப் போய்விட்டது. எதிர்ப்பக்கம் உடுமலை பஸ் நின்றுகொண்டிருந்தது. இறங்கி ரோட்டைத் தாண்டினால் போதும். வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது போல இருந்தது. அந்த நிம்மதிதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"சனிக்கிழமை போலாம். இன்னைக்கு இல்ல."

"எப்பக் கேட்டாலும்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்."

பஸ் கிளம்பியது. அழுதாள். சத்தம் போட்டே அழுதாள். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமாகிட்டப் போகோணும், அத்தைகிட்டப் போகோணும் என்றாள். நான் பெரிய பொய்க்காரன் என்றாள். போகட்டும் என்று நான் திரும்பிக்கொள்ளவில்லை. முதுகில் கை வைத்தேன், தட்டிவிட்டாள். மறுபடி வைத்தேன். பல்லடம் நெருங்கும்போது அவளுக்குத் தட்டிவிடத் தெம்பில்லாமல் போய்விட்டது. சாய்ந்துகொள்ள வேறு ஆள் இல்லாததால் என் மேலேயே சாய்ந்து அழுதாள்.